கோடைக்கால ஆய்வு நல்கை (தாவர உயிரியல்)

இளநிலை மாணவர்கள் கோடை விடுமுறையில் ஓர் ஆய்வாளரின் வழிகாட்டலில் தாவர ஆய்வு பயில வழங்கப்படும் குறுகிய கால உதவித்தொகை. இந்தியாவில் பெங்களூரு, புதுதில்லி, பிரயாக்ராஜ் நகரங்களிலுள்ள மூன்று அறிவியல் அகாதெமிகள் கூட்டாக நடத்தும் இரண்டு மாதத் திட்டம் முதன்மையானது; அதற்கு ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம்.

இத்தகைய நல்கையில் எடுத்துக்கொள்ள, காவிரிப் படுகைக்கு மிகப் பொருந்தும் ஆய்வுப் பொருள் நெல்லின் உவர் தாங்குதிறன். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் வேளாங்கண்ணியை உள்ளடக்கிய நாகைக் கடலோர வயல்களில் உப்பேறியது. உப்புக் கரைசலில் நாற்று வளர்த்து, இலைநுனிக் கருகலுக்கு மதிப்பெண் இட்டு, தண்டில் சோடியம்–பொட்டாசியம் விகிதத்தை அளப்பது நல்கையின் இரண்டு மாதங்களுக்குள் முடியக்கூடிய பணி. கேரளத்துப் பொக்காளி நெல்லின் முதலாம் குரோமோசோமிலுள்ள ‘சால்டால்’ பகுதி இவ்விகிதத்தைக் கட்டுப்படுத்துகிறது. சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரத்தின் மரபணுக்களை நெல்லில் செலுத்தி ஆராய்ந்தது. படுகையின் மூத்த நெல் ஆய்வு நிலையம் ஆடுதுறையில் 1922இல் தொடங்கப்பட்டது.