வாயு செலுத்தி எண்ணெய் எடுத்தல்

தானாக மேலே வராத எண்ணெயையும் எரிவாயுவையும், நிலத்தடிப் பாறைக்குள் வேறொரு வாயுவை அழுத்தத்துடன் செலுத்தி வெளிக்கொணரும் முறை. கரியமில வாயு, நைட்ரஜன், எண்ணெயோடு சேர்ந்து வரும் இயற்கை எரிவாயு ஆகியவை இதற்குப் பயன்படுகின்றன. சாதாரண எண்ணெய்ப் பாறையில் தண்ணீரே இந்த வேலையைச் செய்துவிடும். ஷேல் போன்ற இறுகிய பாறையில் தண்ணீர் எளிதில் நுழையாது, வாயு நுழையும்.

மும்பையின் எண்ணெய் தண்ணீரை நம்பியது. நகரிலிருந்து சுமார் 160 கி.மீ. மேற்கே கடலில், ‘சாகர் சாம்ராட்’ துளையிடு கலம் 1974-இல் கண்டறிந்த மும்பை ஹை வயல் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை. 1976-இல் உற்பத்தி தொடங்கியது. பாறையின் அழுத்தம் தளராதிருக்க 1984 முதல் ஓ.என்.ஜி.சி. அதில் கடல்நீரைச் செலுத்துகிறது. சோர்ந்த கிணறுகளில் ‘கேஸ் லிஃப்ட்’ உண்டு. அது கிணற்றுக் குழாய்க்குள் வாயுவைக் கலந்து எண்ணெயை லேசாக்குவது மட்டுமே. பாறைக்குள் செலுத்துவதோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஷேலின் துளைகள் மிக நுண்ணியவை. கிடைமட்டக் கிணறு தோண்டி, பாறையை நீரழுத்தத்தால் பிளந்தாலும், உள்ளிருக்கும் எண்ணெயில் பெரும்பாலும் 10 சதவீதம்கூடக் கிடைப்பதில்லை. இதற்கு எடுத்த வழி ‘ஹஃப் அண்ட் பஃப்’. கம்ப்ரசர் வைத்துச் சில வாரங்கள் வாயுவை உள்ளே ஏற்றி, கிணற்றை மூடி ஊறவிட்டு, பிறகு அதே கிணற்றைத் திறப்பார்கள். வாயு கரைந்த எண்ணெய் உப்பி, நீர்த்துப்போகும். அழுத்தம் விலகியதும் கோலி சோடாவின் நுரைபோல வாயு விரிந்து எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வரும். டெக்ஸாஸின் ஈகிள் ஃபோர்டு ஷேலில் இம்முறை பலன் தந்ததாக இ.ஓ.ஜி. நிறுவனம் 2016-இல் அறிவித்தது.

நிலக்கரிப் படுகையில் கதை வேறு. கரியின் பரப்பில் மீத்தேனைவிடக் கரியமில வாயு இறுக்கமாக ஒட்டும். புதியது ஒட்ட, பழையது கழன்று வெளியேறும். அமெரிக்காவின் சான் ஹுவான் படுகையில் 1995 முதல் இதைச் சோதித்தார்கள்.

இந்தியாவில் ஷேல் வாயு முதலில் வெளிப்பட்டது 2011 ஜனவரியில், துர்காபூர் அருகே ஓ.என்.ஜி.சி. தோண்டிய கிணற்றில். 2018-இல் மத்திய அரசு கொண்டுவந்த கொள்கை, மேம்பட்ட மீட்பு முறைகளுக்கும் ஷேல் போன்ற வளங்களுக்கும் சேர்த்தே சலுகை அளித்தது: கூடுதலாகக் கிடைக்கும் எண்ணெய்க்குச் செஸ் வரியில் பாதி தள்ளுபடி, கூடுதல் எரிவாயுவுக்கு ராயல்டியில் 75 சதவீதம் தள்ளுபடி. கோயலி சுத்திகரிப்பு ஆலையின் கரியமில வாயுவைக் குஜராத்தின் காந்தார் வயலில் செலுத்த, ஓ.என்.ஜி.சி.யும் இந்தியன் ஆயிலும் 2019-இல் ஒப்பந்தம் செய்துகொண்டன. காந்தார் ஷேல் வயல் அல்ல.

எந்த வயலானாலும் முதல் கேள்வி, செலுத்தும் வாயு எங்கிருந்து வரும் என்பதே. மும்பை ஹை வாயு உரணில் கரையேறி, மும்பையின் செம்பூரிலுள்ள ஆர்.சி.எஃப். உர ஆலைக்கும், மகாநகர் கேஸ் குழாய் வழியே மாட்டுங்காவின் அடுப்புகளுக்கும் போகிறது. விற்றால் உடனே காசாகும் பொருளைத் திரும்பப் பாறைக்குள் தள்ள யாருக்கும் எளிதில் மனம் வராது. கரியமில வாயுவிலும் ஒரு பங்குக்குச் செம்பூரில் ஏற்கெனவே வேலை உண்டு: அம்மோனியா தயாரிக்கையில் பிரியும் அது, அதே வளாகத்தில் யூரியாவாகிறது. மிஞ்சுவது பக்கத்து மாஹுலில் உள்ள சுத்திகரிப்பு ஆலைகளின் புகைபோக்கி வழியே போகும் வாயு. அதைப் பிரித்து, அழுத்தி, குழாயில் ஏற்றும் செலவுதான் கணக்கை முடிவுசெய்கிறது.