இரணைதீவு: விடுமுறைப் பாதையில் விடுபட்ட வரலாறு

விசுவமடு கடல் இல்லாத ஊர். பரந்தன் - முல்லைத்தீவு வீதியில், கிளிநொச்சி மாவட்டம் முடிந்து முல்லைத்தீவு மாவட்டம் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. வயலும் தோட்டமும் குளத்துத் தண்ணீரும்தான் அங்குள்ள சீவியம். கிழக்கே போனால் முல்லைத்தீவுக் கடற்கரை வரும். பெயரில் தீவு இருக்கிறதே தவிர அது தீவல்ல. ஆகவே பள்ளிக்கூட விடுமுறைக்கு "தீவு பார்க்கப் போவம்" என்று வான் பிடிக்கிறவர்கள் மேற்கே பரந்தன் சந்திக்கு வந்து, ஏ9 வீதியில் ஏறி, யாழ்ப்பாணம் போய், புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையில் படகேறுவார்கள். ஒன்றில் நயினாதீவு, இல்லையென்றால் நெடுந்தீவு. பின்னேரம் திரும்பிவிடலாம்.

அதே பரந்தன் சந்தியிலிருந்து இன்னொரு வீதி பூநகரிக்குப் பிரிகிறது. பூநகரியிலிருந்து மன்னார் வீதியில் தெற்கே இறங்கினால் முழங்காவில். அதன் கரையில் இரணைமாதா நகர். அங்கிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடினால் இரணைதீவு. இந்த வழியில் விடுமுறைக்குப் போகிறவர்கள் மிகக் குறைவு. "அங்க என்ன இருக்கு?" என்பதுதான் வழக்கமான கேள்வி. இலங்கை முஸ்லிம்களாகிய நாம் அப்படிக் கேட்டுவிட்டு நகர முடியாது. 2021 மார்ச்சில் சில நாட்கள், நமது ஜனாஸாக்களை எங்கே அடக்குவது என்ற கேள்விக்கு அரசு சொன்ன பதில் இந்தத் தீவின் பெயராகத்தான் இருந்தது.

தீவுகளும் வணிகரும்

வடக்கின் சிறு தீவுகளை நாட்டின் ஓரம் என்று நினைப்பது இன்றைய பழக்கம். கப்பல்கள் காற்றை நம்பி ஓடிய காலத்தில் அவை முன்வாசல்கள். நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு இதற்கு நல்ல சான்று. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் கட்டளை அது. பரதேசிகள் ஊறாத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து தங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு வழங்கப்பட வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி.

சிங்கள அரசன் ஒருவன், வெளிநாட்டு வணிகரைப் பற்றி, ஒரு சிறு தீவில், தமிழில் எழுதிவைத்த சட்டம் இது. கல்வெட்டு அந்தப் பரதேசிகள் இன்ன இனத்தவர் என்று சொல்லவில்லை. ஆனால் அக்காலத்தில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் குதிரை கொண்டுவந்த கடல் வணிகத்தில் அரபு, பாரசீக வணிகருக்குப் பெரும் பங்கு இருந்தது யாவரும் அறிந்தது. 1344இல் மாலைதீவிலிருந்து வந்த இப்னு பதூதா புத்தளக் கரையில் இறங்கியபோது அவரை வரவேற்ற ஆரியச்சக்கரவர்த்திக்குப் பாரசீக மொழி விளங்கியது என்று தம் பயணக் குறிப்பில் சொல்கிறார். தினமும் வணிகரோடு புழங்காத அரசனுக்கு அந்த மொழி எப்படி விளங்கும்?

மரங்களும் இதைச் சொல்கின்றன. நெடுந்தீவிலும் மன்னார் பள்ளிமுனையிலும் நிற்கிற பெருக்குமரம் ஆபிரிக்க மண்ணுக்குரியது. அரபு வணிகர் கொண்டுவந்து நட்டது என்பது வழிவழியாக வருகிற செய்தி. நெடுந்தீவின் முருகைக்கல் வேலிகளையும் கட்டாக்காலிக் குதிரைகளையும் படம் பிடிக்கிறவர்கள் அந்த மரத்தடியிலும் கொஞ்சம் நிற்கலாம். நயினாதீவில் அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள், அங்கே ஒரு பள்ளிவாசலும் உண்டு என்பதை அறிந்து போவது நல்லது.

1990, 1992

இரணை என்றால் இரட்டை. பெரிய தீவு ஒன்றும் சின்னத் தீவு ஒன்றும் சேர்ந்ததே இரணைதீவு. நிர்வாகத்தில் பூநகரிப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்தது. மக்கள் தமிழ்க் கத்தோலிக்கர். தொழில் மீன், நண்டு, சங்கு, கடலட்டை. தேவாலயம், பள்ளிக்கூடம், கிணறுகள், கல்வீடுகள் என்று எல்லாம் அமைந்த ஊர் அது. 1992இல் யுத்தத்தின் நடுவே கடற்படை தீவை எடுத்துக்கொண்டது. சனம் எதிர்க்கரைக்கு வந்து குடியிருந்த இடம்தான் இரணைமாதா நகர். கண்ணுக்கெட்டிய தூரத்தில் சொந்த ஊர், போக முடியாத நிலை. அப்படியே கால் நூற்றாண்டு போயிற்று.

அதற்கு இரண்டு வருடம் முந்தி, 1990 ஒக்டோபரில், வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி மக்கள் படகுகளில் கற்பிட்டிக் கரைக்குப் போனார்கள். முல்லைத்தீவின் நீராவிப்பிட்டி, தண்ணீரூற்று மக்களும், இரணைமாதா நகருக்குப் பக்கத்திலுள்ள நாச்சிக்குடா முஸ்லிம்களும் அதே கிழமைகளில் ஊர் இழந்தவர்கள்.

ஒரே கரையில் இரண்டு வருட இடைவெளியில் இரண்டு வெளியேற்றங்கள். முதலாவதைச் செய்தது புலிகள், மற்றதைச் செய்தது அரச படை. இரண்டையும் தராசில் வைத்து எது கனம் என்று பார்ப்பது என் நோக்கமல்ல. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. நாம் நமது வெளியேற்றத்தைப் பற்றி முப்பது வருடத்துக்கு மேலாக எழுதுகிறோம்; எழுதத்தான் வேண்டும். அதே கரையில், நமது அயலூரில், இன்னொரு சனம் இழந்ததை எத்தனை பேர் எழுதினோம்? 2009 ஜனவரியில் விசுவமடு மக்களும் ஊர் முழுதாகக் கிழக்கே நகர்ந்தார்கள். இந்த நிலத்தில் ஊர் இழப்பது ஒரு சமூகத்துக்கு மட்டும் உரிய அனுபவமாக இருந்ததில்லை.

இரணைதீவு மக்கள் 2017 மே 1ஆம் திகதி கரையில் போராட்டம் தொடங்கினார்கள். ஏறக்குறைய ஒரு வருடம் இருந்து பார்த்தார்கள். முடிவு வரவில்லை. 2018 ஏப்ரல் 23ஆம் திகதி நாற்பது வரையான படகுகளில் வெள்ளைக் கொடிகளைக் கட்டிக்கொண்டு தாங்களாகவே தீவுக்குப் போய் இறங்கினார்கள். முதலில் தேவாலயத்தில் மன்றாடினார்கள். பிறகு இடிந்த வீடுகளைத் தேடினார்கள். மே மாதம் அரசும் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

அரசின் கண்ணில் தீவு

உலகம் முழுவதும் சிறு தீவுகளை அரசுகள் ஒரே கண்ணால் பார்த்திருக்கின்றன. வேண்டாதவரை வைக்கும் இடம். தென்னாபிரிக்காவின் ரொபன் தீவை மண்டேலாவின் சிறை என்று அறிவோம். அதே தீவு ஒருகாலத்தில் தொழுநோயாளர் தீவு. ஒல்லாந்தர் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து நாடுகடத்திய முஸ்லிம் பெரியார்களுக்கும் சிறை. அங்கே அடங்கிய ஒருவரின் கபுறு இன்றும் ஸியாரத்தாக இருக்கிறது. மக்காசரின் ஷெய்கு யூசுபை ஒல்லாந்தர் 1684இல் நாடுகடத்திய இடமோ நமது இலங்கை. இங்கேயும் மட்டக்களப்பு வாவியின் மாந்தீவு தொழுநோயாளருக்கு ஒதுக்கப்பட்டது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் தண்ணீருக்குள் நிற்கும் கடற்கோட்டை, 1971 கிளர்ச்சிக்குப் பின் ரோகண விஜேவீர அடைக்கப்பட்ட சிறை. இப்போது அங்கே உல்லாச விடுதி நடக்கிறது. இரவு தங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சுவர்களின் கதை தெரியும்?

2021 மார்ச்

கொரோனாவில் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்ற வர்த்தமானி 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் அரசு கேட்கவில்லை. இருநூறுக்கும் மேற்பட்ட முஸ்லிம் மையித்துகள் எரிக்கப்பட்டன. 2020 டிசம்பரில் பிறந்து இருபது நாளான ஒரு பாலகனையும் எரித்தார்கள். பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். கபன் துணியின் அடையாளம் அது. முஸ்லிம் அல்லாதவர்களும் வந்து கட்டினார்கள்.

உள்ளும் வெளியும் எழுந்த நெருக்குதலால் 2021 பெப்ரவரி 25ஆம் திகதி அடக்கத்துக்கு அனுமதி வந்தது. மார்ச் 2ஆம் திகதி இடம் அறிவிக்கப்பட்டது: இரணைதீவு. கொழும்பிலிருந்து முந்நூறு கிலோமீற்றர் தொலைவு; சனம் குறைந்த தீவு என்பது காரணம். தொழுது அடக்க உறவினர் எப்படி அங்கே போவார்கள், பிறகு ஸியாரத்துக்கு எப்படிப் போவார்கள் என்று கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை. மூன்று வருடத்துக்கு முந்தித்தான் சனம் தன் ஊரை மீட்டது என்பதும் அந்தக் கணக்கில் இல்லை.

மறுநாளே இரணைமாதா நகரில் கறுப்புக் கொடியோடு மக்கள் இறங்கினார்கள். இந்த இடத்தில்தான் வரலாறு வேறு பக்கம் திரும்பியிருக்கலாம். தமிழ்க் கத்தோலிக்க மீனவர் ஒரு பக்கம், முஸ்லிம்களின் ஜனாஸா மறுபக்கம். இரண்டு சமூகத்தையும் முட்டவிட இதைவிட வசதியான களம் அமையாது. ஆனால் போராடியவர்கள் முஸ்லிம்களின் அடக்க உரிமையை எதிர்க்கவில்லை. அவர்களை அவர்களது ஊர் மையவாடிகளிலேயே அடக்க விடுங்கள் என்றார்கள். முஸ்லிம் தரப்பிலிருந்தும் இந்தத் தெரிவை ஏற்க முடியாது என்ற குரல் எழுந்தது. திட்டம் கைவிடப்பட்டது. மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடி சூடுபத்தினசேனை மஜ்மா நகரில் முதல் அடக்கங்கள் நடந்தன. கட்டாய எரிப்புக்காக 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

வெள்ளைக் கொடி கட்டித் தங்கள் ஊருக்குப் போன சனம், வெள்ளைத் துணி கட்டி மண் கேட்ட சனத்தைப் பகையாகப் பார்க்கவில்லை. நமது சமூக வரலாற்றை எழுதுகிறவர்கள் ஓட்டமாவடிக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்குவார்கள். இரணைதீவுக்கும் அதில் ஒரு பக்கம் வேண்டும்.

போகிறவர்களுக்கு

"சனம் இல்லாத தீவு" என்று ஒரு மேசையில் எழுத முடிந்ததற்குக் காரணம் அதைப் பார்த்தவர்கள் குறைவு என்பதுதான். பெயர் தெரியாத இடத்துக்காக யாரும் பேச மாட்டார்கள். ஆகவே இந்த வழியில் போய்வருவது வீண் பொழுதுபோக்கு ஆகாது.

சோளகம் வீசும் மாதங்களில் கடல் கொதிக்கும், மாரியிலும் அப்படித்தான். இரண்டுக்கும் இடைப்பட்ட மாசி, பங்குனி நல்ல காலம். மீனவர் படகில்தான் போக வேண்டியிருக்கும். ஊர்ச் சங்கத்திடமும் பங்குத்தந்தையிடமும் சொல்லிப்போட்டுப் போவது முறை. கடற்படை அனுமதி தேவையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். உயிர்காப்பு அங்கி இல்லாமல் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். குடிதண்ணீரைக் கொண்டுபோய், பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். போகிற வழியில் நாச்சிக்குடாவில் இறங்கி ளுஹர் தொழுதுகொண்டு, திரும்பிவந்த நம்மவர்களோடும் நாலு வார்த்தை பேசலாம். தீவில் நண்டு வாங்கினால் கேட்ட விலையைக் கொடுங்கள்.

இடிந்த வீடுகளைப் படம் எடுக்குமுன் வீட்டுக்காரரைக் கேளுங்கள். கேட்டால் கதை சொல்வார்கள். அதைத் திகதியோடும் இடப்பெயரோடும் எழுதி வைத்துக்கொண்டு வாருங்கள். அந்தக் கரையின் இரண்டு வெளியேற்றங்களையும் ஒரே நூலில் எழுத இனி வரப்போகிறவருக்கு அந்தக் குறிப்புகள் தேவைப்படும்.