மில்ஸ்டைன் கோட்டை விட்ட பேட்டன்ட்

சர்ட்-1ன்னு ஒரு புரதம். முதுமை பத்தி ஆராய்ச்சி பண்றவங்களோட செல்லப்பிள்ளை. செல்லுக்குள்ள இருக்குற ஆயிரக்கணக்கான புரதங்கள்ல இதை மட்டும் எப்படிக் கண்டுபிடிக்கறது? அதுக்குன்னே இருக்குற ஆன்டிபாடியை விட்டா, தேடிப்போய் ஒட்டிக்கும். நம்ம 'கிரெப்' கமாண்ட் மாதிரின்னு வச்சுக்கோங்களேன்.

முன்னெல்லாம் முயலுக்குப் புரதத்தை ஊசி போட்டு, அதோட ரத்தத்துலேர்ந்துதான் ஆன்டிபாடி எடுப்பாங்க. முயல் செத்தா சரக்கு காலி. அடுத்த முயல் அதே சரக்கைத் தராது. (முயலுக்கு இன்னும் ரிட்டயர்மென்ட் கிடைக்கலை, அது வேற விஷயம்.) 1975ல் கேம்பிரிட்ஜில் சீசர் மில்ஸ்டைனும் ஜார்ஜ் கோலரும் ஆன்டிபாடி சுரக்கும் சுண்டெலி செல்லை, சாகாத புற்றுநோய் செல்லோடு இணைத்தார்கள். ஒரே மாதிரி ஆன்டிபாடி, வேணும்கிற வரைக்கும்!

மில்ஸ்டைன் மேலிடத்துக்குத் தகவல் சொன்னார். பேட்டன்டைக் கவனிக்கும் பிரிட்டிஷ் அரசு அமைப்போ, வியாபாரத்துக்கு ஆகுற மாதிரி உடனடிப் பயன் எதுவும் தெரியலைன்னு 1976ல் பதில் போட்டது. அவர் பாட்டுக்குக் கேட்டவங்களுக்கெல்லாம் செல்லை அனுப்பிக்கிட்டிருந்தார், நம்ம ஓப்பன் சோர்ஸ் ஆசாமிங்க மாதிரி. அப்படி வாங்கின பிலடெல்பியா விஸ்டார் ஆய்வகம், வைரஸ், புற்றுநோய் ஆன்டிபாடிகளுக்கு 1979, 1980ல் அமெரிக்க பேட்டன்ட் வாங்கிடுச்சு. பிரிட்டனில் அப்புறம் இது பெரிய ரகளையாச்சு.

1984ல் ரெண்டு பேருக்கும் நோபல் கிடைச்சுது. இன்னிக்கு சர்ட்-1 ஆன்டிபாடி நூறு மைக்ரோலிட்டர், அதாவது ரெண்டு மூணு சொட்டு, சில நூறு டாலர்.