மலிவு விலை ஜிக்சா மெஷின்... வாங்கலாமா, வேண்டாமா?

யூடியூபில் ஒருத்தர் பத்தே நிமிஷத்தில் புக் ஷெல்ஃப் செய்து முடிக்கிறார். அடுத்த நிமிஷமே நம் போனில் ‘ஜிக்சா மெஷின், சலுகை விலை’ என்று விளம்பரம் வந்து நிற்கிறது. ‘அட, ரெண்டாயிரம் ரூபாய்க்குள்ள முடிஞ்சுடும்போலயே!’ என்று கார்ட்டில் போடுவதற்கு முன், இதைக் கொஞ்சம் படிச்சுடுங்க.

ஜிக்சா என்றால் என்ன?

குட்டி ரம்ப பிளேடு ஒன்று, தையல் மெஷின் ஊசி மாதிரி மேலும் கீழும் வேகமாக ஓடும். அதுதான் ஜிக்சா. உவமைக்காகச் சொல்லவில்லை, இது பிறந்த கதையும் அதுதான். 1946-ல், சுவிட்சர்லாந்தின் சின்டில்லா நிறுவனத்தில் வேலைபார்த்த ஆல்பர்ட் காஃப்மன் என்ற இன்ஜினீயர், தையல் மெஷினில் ஊசியைக் கழற்றிவிட்டு பிளேடை மாட்டிப் பார்த்தார் என்பார்கள். அடுத்த வருடமே மெஷின் விற்பனைக்கு வந்தது. பின்னர், 1954-ல் அந்த நிறுவனம் பாஷ் கைக்குப் போனது.

வளைவு, வட்டம், நடுவில் ஓட்டை என எந்த வடிவத்திலும் வெட்டலாம் என்பதுதான் இதன் ஸ்பெஷல். ஆனால், பிளேடை மெஷின் மேல்பக்கம் மட்டும்தான் பிடித்திருக்கிறது. கீழ்முனைக்குப் பிடிமானம் கிடையாது. மலிவு மெஷினின் பெரும்பாலான பிரச்னைகள் தொடங்கும் இடம் இதுதான்.

ப்ளஸ் என்னென்ன?

* விலை. ஒரு நல்ல பிராண்டு மெஷினுக்குக் கொடுக்கும் பணத்தில் மலிவு மெஷினோடு, நல்ல பிளேடு, கிளாம்ப், கண்ணாடி எல்லாமே வாங்கிவிடலாம்.
* பிளைவுட், மல்டிவுட், மெல்லிய பலகை போன்றவற்றுக்கு இது தாராளமாகப் போதும். கொலுப்படி, செடி ஸ்டாண்டு, நாட்டுக்கோழிக் கூட்டுக்கு ஃப்ரேம்... மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் குறை சொல்ல முடியாது.
* கட்டர் மெஷின், கிரைண்டரோடு ஒப்பிட்டால் புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்குப் பயம் குறைவு. எகிறி அடிக்கும் வாய்ப்பும் குறைவு.

மைனஸ் என்னென்ன?

* கோணல் வெட்டு: பிளேடுக்குப் பின்னால் தாங்கி நிற்கும் சின்ன உருளை, மலிவு மெஷின்களில் லொடலொடவென ஆடும். கனமான கட்டையை வெட்டினால், மேலே கோடு நேராகத் தெரியும். திருப்பிப் பார்த்தால் அடியில் சாய்ந்திருக்கும்.
* அடித்தகடு: மெல்லிய தகரமாக இருந்தால், ஒருமுறை கீழே விழுந்தாலே வளைந்துவிடும். அப்புறம் 90 டிகிரி வெட்டு கனவுதான்.
* சூடு: தொடர்ந்து ஓட்டினால் மோட்டார் சீக்கிரமே கொதிக்கும். கரிந்த வாடை வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.
* சர்வீஸ்: தேய்ந்துபோன கார்பன் பிரஷ்ஷை மாற்றுவது சின்ன வேலை. ஆனால், பெயர் தெரியாத பிராண்டுக்கு அந்த பிரஷ் கிடைப்பதே பெரிய வேலை.

பெட்டிமேல் எழுதியிருக்கும் வாட்ஸ் எண்ணைப் பார்த்தும் மயங்க வேண்டாம். மெஷின் கரன்ட்டை எவ்வளவு இழுக்கும் என்பதற்கான கணக்கு அது. எவ்வளவு நேர்த்தியாக வெட்டும் என்பதை அது சொல்லாது.

யாருக்குச் செட் ஆகாது?

லாரி பாடி கட்டுவதில் பேர்பெற்ற ஊர் நாமக்கல். பாடி பட்டறையில் தச்சு வேலை பழகும் தம்பிகள், ‘முதல்ல சீப்பா ஒண்ணு வாங்கிக்கலாம்’ என்று நினைப்பதுண்டு. கனமான மரச் சட்டங்களை நாள் முழுக்க வெட்டும் வேலைக்கு மலிவு ஜிக்சா தாங்காது. மெஷின் படுத்துவிட்டால் அன்றைய சம்பளமும் போச்சு. தொழிலுக்கு என்றால், சேலத்திலோ நாமக்கல்லிலோ சர்வீஸ் கிடைக்கும் பிராண்டாகப் பார்த்து வாங்குவதே லாபம்.

மாறாக, ஒரே ஒரு ஷெல்ஃப் செய்யத்தான் ஆசை என்றால், மெஷினே வேண்டாம். பிளைவுட் கடையிலேயே அளவு சொல்லி வெட்டி வாங்கலாம். அல்லது வாடகைக்கு எடுக்கலாம்.

வாங்கும்போது இதையெல்லாம் பாருங்க

1. பிளேடு மாட்டும் இடம் ‘டி-ஷாங்க்’ வகையா? அதற்குத்தான் எல்லாக் கடையிலும் பிளேடு கிடைக்கும்.
2. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கிறதா? இரும்புத் தகடு, பிளாஸ்டிக் வெட்டக் குறைந்த வேகம் அவசியம்.
3. சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்கிறதா? ஷாக் அடிக்காமலிருக்க இரட்டைக் காப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.
4. பிளேடை மாட்டிப் பக்கவாட்டில் லேசாக அசைத்துப் பாருங்கள். ரொம்ப ஆடினால், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மலிவு மெஷினை நல்லா ஓட்ட...

கூடவே வரும் இலவச பிளேடை ஓரம்கட்டிவிட்டு, நல்ல பிளேடாக வாங்குங்கள். வெட்டின் தரத்தில் பாதி அதில்தான் இருக்கிறது. பிளேடு பொதுவாக மேலே ஏறும்போதுதான் வெட்டும் என்பதால், பிசிறு மேல்பக்கம்தான் வரும். எனவே, பலகையின் அழகான பக்கத்தைக் கீழே வைத்து வெட்டுங்கள். மெஷினை அழுத்தித் தள்ளாதீர்கள். அது போகிற வேகத்துக்கு விடுங்கள். நேர்க்கோடு வேண்டுமா? ஒரு சட்டத்தைக் கிளாம்ப் போட்டு, அதை ஒட்டியே ஓட்டுங்கள்.

தோட்டத்து வீடுகளில் கிணற்று மோட்டார் ஓடும்போது வோல்டேஜ் இறங்கும். நீளமான, மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரும் சேர்ந்தால் மோட்டார் திணறிச் சூடாகும். தடிமனான, நீளம் குறைந்த வயரே நல்லது.

விரல் பத்திரம்!

வெட்டும்போது பிளேடு பலகைக்கு அடியிலும் நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பக்கம்தான் ஆபத்து. பலகையைக் கையால் அடியில் தாங்கிப் பிடிக்கவே கூடாது, கிளாம்ப் போடுங்கள். பிளேடு மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம். தொங்கும் துண்டு, துப்பட்டா, தொளதொள சட்டை வேண்டாம்.

ஆக, கணக்கு சிம்பிள்தாங்க. பொழுதுபோக்குக்கு மலிவு மெஷின் ஓகே. பிழைப்புக்கு நல்ல மெஷின். எதுவாக இருந்தாலும், மெஷினில் மிச்சம் பிடிக்கும் காசில் முதலில் கிளாம்ப்பும் கண்ணாடியும் வாங்கிடுங்க!