ட்ரூப்பர் மார்க் டியாப்: மிசிசாகாவின் நினைவில் ஓர் இளம் படைவீரர்

மார்க் டியாப், ஆப்கானிஸ்தானில் 2009 மார்ச் 8ஆம் திகதி தமது 22ஆவது வயதில் உயிரிழந்த கனடியப் படைவீரர். ரொறன்ரோவுக்கு மேற்கே உள்ள மிசிசாகா நகரைச் சேர்ந்தவர். அப்போரில் இறந்த கனடியப் படையினரில் இவர் 112ஆவது வீரர். 2014இல் கனடியப் படை முழுமையாக வெளியேறியபோது அத்தொகை 158 ஆகியிருந்தது.

பிறப்பும் குடிபெயர்வும்

தெற்கு லெபனானில், இஸ்ரேல் எல்லையை அண்டிய அயின் எபெல் கிராமத்தில் பிறந்தவர் டியாப். அப்பகுதி 2000 மே மாதம்வரை இஸ்ரேலியப் படையின் பிடியில் இருந்தது. அதே ஆண்டில் அவரது குடும்பம் கனடாவுக்குக் குடிபெயர்ந்தது. யுத்த பூமியிலிருந்து சிறுவனாக வந்து, புதிய மொழியில் பள்ளிக்கூடம் போன பிள்ளை. ஈழத்திலிருந்து இங்கு வந்த நம்மவருக்கு இக்கதையின் முற்பாதியை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பிற்பாதிதான் நம்மை நின்று யோசிக்க வைக்கிறது. கனடாவில் கட்டாய இராணுவ சேவை கிடையாது. புகுந்த நாட்டின் சீருடையை அவர் தாமே விரும்பி அணிந்தார்.

இராணுவப் பணியும் மரணமும்

1883இல் தோன்றிய றோயல் கனடியன் டிரகூன்ஸ் என்ற கவசப் படைப்பிரிவில் அவர் பணியாற்றினார். இதன் தளம் ஒன்ராறியோ மாகாணத்தின் பெட்டவாவா. 'ட்ரூப்பர்' என்பது கவசப் படையில் சாதாரண சிப்பாயைக் குறிக்கும் பதவிப் பெயர். கந்தகார் நகருக்கு வடகிழக்கே, ஷா வாலி கோட் மாவட்டத்தில் அவர் சென்ற கவச வாகனம் வெடிகுண்டில் சிக்கியது. டியாப் உயிரிழந்தார், வேறு நால்வர் காயமடைந்தனர்.

நாடு நினைவுகூரும் முறை

ஆப்கானிஸ்தானில் இறந்த வீரர்களின் உடல்கள் விமானத்தில் ட்ரென்டன் தளத்துக்கு வந்து, அங்கிருந்து நெடுஞ்சாலை 401 வழியாக ரொறன்ரோவுக்குக் கொண்டுவரப்பட்டன. 2002 முதல் பொதுமக்கள், எவரும் அழைக்காமலே, வழியிலுள்ள மேம்பாலங்களில் கொடிகளுடன் நின்று அஞ்சலி செலுத்தலாயினர். சுமார் 170 கிலோமீற்றர் நீளமான அப்பகுதிக்கு 2007இல் 'வீரர்களின் நெடுஞ்சாலை' என்று அரசு பெயரிட்டது. மக்கள் தொடங்கிய வழக்கத்தை அரசு பின்னர் ஏற்றுக்கொண்டது என்பது கவனிக்கத்தக்கது.

1947 ஒக்ரோபருக்குப் பின் பணியில் இறந்தவர்களின் பெயர்கள், ஒட்டாவா நாடாளுமன்ற வளாகத்திலுள்ள நினைவு நூல்களில் 'கனடாவின் பணியில்' என்ற நூலில் எழுதப்படுகின்றன. 1919இல் ஏற்படுத்தப்பட்ட நினைவுச் சிலுவை முதலில் இறந்தவரின் தாய்க்கும் மனைவிக்கும் வழங்கப்பட்டது. இப்போது அதைப் பெறவேண்டியவர்கள் என மூவர்வரை வீரர் தாமே குறிப்பிட்டு வைக்கலாம்.

எல்லாம் குறையின்றி நடந்துவிடவில்லை. கந்தகார் விமானத் தளத்தில் இருந்த நினைவுச் சின்னம், இறந்தவர்களின் முகங்கள் பொறித்த கற்பலகைகளுடன், ஒட்டாவாவிலுள்ள பாதுகாப்புத் தலைமையகத்துக்குக் கொண்டுவரப்பட்டது. 2019 மே மாதம் அதன் திறப்பு நிகழ்ந்தபோது குடும்பத்தினர் அழைக்கப்படவில்லை. கடும் கண்டனம் எழுந்தது. இராணுவத் தலைமை மன்னிப்புக் கேட்டு, அதே ஆண்டு ஆகஸ்டில் குடும்பத்தினர் முன்னிலையில் மறுபடியும் விழா நடத்தியது. பெற்றவர்கள் இல்லாத இடத்தில் கல் வெறும் கல்தான் என்பதை அந்தக் கோபம் உணர்த்தியது.

மிசிசாகாவில்

டியாப்பின் வாழ்வு 2010இல் 'இஃப் ஐ ஷுட் ஃபால்' என்ற ஆவணப்படமாக வெளிவந்தது. 'நான் வீழ நேர்ந்தால்' என்று இத்தலைப்பைத் தமிழில் சொல்லலாம். மிசிசாகாவில் ஒரு பூங்காவும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வீரனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளில் சொல்கிறது. கல்லைத் தேடுவதில் தொடங்கி, ஊர் கூடி வாழ்த்துவதில் அது நிறைவுறுகிறது. நடுகற்கள் பல மன்னர்களுக்காக அன்றி, ஆநிரை மீட்கப் போய் மாண்ட சாதாரண ஊர் மக்களுக்காக நடப்பட்டவை. ட்ரூப்பர் பதவியில் இறந்த இளைஞனின் பெயரை ஒரு நகரம் தன் பூங்காவுக்குச் சூட்டுவதும் அத்தகையதே. ஆப்கானிஸ்தான் போர் சரியா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. 2021இல் தலிபான்கள் மீண்டும் ஆட்சியைப் பிடித்தபின் அது மேலும் கசப்பாகியுள்ளது. ஆனால் அந்தப் போரை முடிவு செய்தவர் டியாப் அல்லர். போரைப் பற்றி நாம் என்ன எண்ணினாலும், அந்தப் பிள்ளையின் பெயரை மறவாதிருக்கலாம்.