மரி கியார் (1599–1672)

பிரான்சின் தூர் நகரில் பிறந்த உர்சுலா சபைத் துறவி. துறவுப் பெயர் மனுவுருவேற்பின் மரியா. கனடாவின் கெபெக்கில் கன்னியர் மடமும் பெண்கள் பள்ளியும் நிறுவியவர். ஆயினும் பெற்ற மகனை விட்டு மடம் புகுந்தவர் என்ற செய்தியே அவர் பெயரை விடாமல் தொடர்கிறது.

ரொட்டி சுடுபவரின் மகளான மரி, பட்டுத் தொழில் செய்த குளோத் மார்த்தேனை 1617இல் மணந்தார். 1619 ஏப்ரலில் மகன் பிறந்தான். அவனுக்கும் தந்தையின் பெயரே. அதே ஆண்டு கணவர் இறந்தார். கடனும் வழக்கும் மிஞ்சின. மறுமணத்துக்கு இசையாமல், உடன்பிறந்தவளின் கணவர் நடத்திய சரக்கு வண்டித் தொழிலை மரி நிர்வகித்து வந்தார்.

1631 ஜனவரி 25 அன்று தூர் மடத்தில் சேர்ந்தபோது மகனுக்குப் பன்னிரண்டு வயதுகூட நிறையவில்லை. உர்சுலா சபை 1535இல் ஆஞ்சலா மெரிச்சியால் தொடங்கப்பட்டபோது, பெண்கள் தம் வீட்டிலிருந்தபடியே பணி செய்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1563இல் துறவினிகளுக்கு மதிலடைப்பை வலியுறுத்திய பின் நிலைமை மாறியது. மரி சேர்ந்தது வெளியே வர முடியாத மடம். மகன் பள்ளித் தோழர்களைத் திரட்டிவந்து, அம்மாவைத் திருப்பித் தரும்படி மடத்து வாசலில் கூச்சலிட்டான். மரி வெளியே வரவில்லை. 1639இல் கடல் கடந்து கெபெக் சென்றார். அங்கும் மடத்தைச் சுற்றி மரவேலி எழுந்தது. வேலிக்குள் இருந்தபடியே அல்கோன்கின், ஹூரான் உள்ளிட்ட மொழிகளைக் கற்று, அவற்றில் ஞானோபதேசமும் அகராதிகளும் எழுதினார்.

மகன் 1641இல் ஆசீர்வாதப்பர் சபையில் சேர்ந்தார். அதன்பின் தாயும் மகனும் பேசிக்கொண்டதெல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை கப்பல் ஏறிய கடிதங்களில்தான். தாய்மாரில் தானே மிகக் கொடியவள் என்று எழுதியவர், இறைவன் விருப்பத்துக்குப் பணிந்ததே சரி என்பதிலும் அசையவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல அவருக்குத் தயக்கமில்லை. பின்னாளில் எழுதியவர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். மகன் வற்புறுத்திக் கேட்டதால் 1654இல் தன் ஆன்மிக வரலாற்றை எழுதி அனுப்பினார்.

தாய் இறந்தபின் அவருடைய வாழ்க்கை வரலாற்றை 1677இலும் கடிதங்களை 1681இலும் வெளியிட்டவர் அந்த மகனே. தாயின் நடையை ஆங்காங்கே திருத்தவும் செய்தார். மரியின் இளமை குறித்து நாம் அறிவதில் பெரும்பகுதி இவ்வாறு, விட்டுச் செல்லப்பட்டவரின் கைவழியாக வந்ததே.

1980இல் முத்திப்பேறு பெற்றவராகவும் 2014இல் புனிதராகவும் மரி அறிவிக்கப்பட்டார். வரலாற்றாசிரியர் நடாலி சீமோன் டேவிஸ் 1995இல் வெளியிட்ட நூலில் யூத வணிகப் பெண் கிளிக்கல், பூச்சியியல் ஓவியர் மரியா சிபில்லா மேரியன் ஆகியோருடன் மரியையும் வைத்து ஆராய்ந்துள்ளார்.