விறகுக்குப் போனவர்களும் மலையேறப் போனவர்களும்

சானமாவுக் காட்டுக்கு எங்க பாட்டி விறகு பொறுக்கப் போனவங்க. அப்பா ஆடு ஓட்டிப் போனவர். சும்மா சுத்திப் பார்க்கப் போன முதல் ஆள் எங்க குடும்பத்தில் நான்தான்.

பத்து வருஷம் முன்னால் ஒரு மலையேற்றக் குழுவில் சேர்ந்தேன். நல்ல ஷூ, நல்ல பை, நல்ல மனுஷங்க. முதல் நாளே, பாறை மேல் உட்கார்ந்து புளிசோறு சாப்பிடும்போது ஒருத்தர் சொந்த ஊர் எதுன்னு கேட்டார். சொன்னேன். "ஊருக்குள்ளேயா, கொஞ்சம் தள்ளியா?" என்றார். அடுத்த வாரம் நான் போகவில்லை.

சண்டை போடுவதை விடத் தேடிப் படிப்பது எனக்குச் சுலபம். எங்களை மாதிரி ஆட்கள் யார் மலை ஏறியிருக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன்.

2014 மே 25. மாலாவத் பூர்ணாவும் சாதனப்பள்ளி ஆனந்த் குமாரும் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். பூர்ணாவுக்கு அப்போது 13 வருஷம் 11 மாதம்தான். அதற்கு முன் அவ்வளவு சின்ன வயசில் எந்தப் பெண்ணும் எவரெஸ்ட் ஏறியதில்லை. நிஜாமாபாத் மாவட்டம் பாகாலா கிராமத்துப் பழங்குடிக் குடும்பம்; பெற்றோர் விவசாயக் கூலிகள். ஆனந்த் கம்மம் மாவட்டத்து தலித் மாணவர். இரண்டு பேருமே அரசு சமூக நல உறைவிடப் பள்ளிப் பிள்ளைகள். அந்தப் பள்ளிகளின் செயலாளராக இருந்த ஐ.பி.எஸ். அதிகாரி ஆர்.எஸ்.பிரவீன் குமார்தான் இவர்களை அனுப்பிவைத்தவர். பயிற்சி கொடுத்தவர் சேகர் பாபு பச்சினேபள்ளி. முதல் பாடம் போங்கீர் பாறையில். பிறகு டார்ஜிலிங், லடாக். நேபாளப் பக்கம் 16 வயசுக்குக் கீழே அனுமதி இல்லாததால் திபெத் வழியாக ஏறினார்கள்.

போங்கீர் படத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நம்ம கிருஷ்ணகிரி மலை மாதிரியே மொட்டைப் பாறை, மேலே கோட்டை! நமக்குப் பாறைக்கா பஞ்சம்? கூட்டிப் போக ஒரு ஆளும், கூடவே ஏற இன்னொரு பிள்ளையும்தான் இல்லை.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் கதையும் இதேதான். 1903இல் கலிஃபோர்னியாவின் செக்கோயா தேசியப் பூங்காவுக்குப் பொறுப்பாக இருந்தவர் கேப்டன் சார்லஸ் யங். அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்தவர். அங்குள்ள ராட்சத மரக்காட்டுக்கு வண்டிப் பாதையைப் போட்டு முடித்தது அவருடைய கறுப்பினக் குதிரைப்படை. ஆனால் 1939இல் வர்ஜீனியாவின் ஷெனண்டோவா பூங்காவில் கறுப்பின மக்கள் கூடாரம் அடிக்கத் தனி இடம் ஒதுக்கினார்கள். பேர் லூயிஸ் மவுண்டன். நம்ம பாஷையில் சொன்னால், ஊருக்குத் தள்ளி! பாதை போட்டவனுக்குக் காடு வேலை செய்யும் இடம். உட்கார்ந்து ரசிக்க வந்தால் மட்டும் கேள்வி கேட்பார்கள்.

2009இல் ஓக்லாந்தில் ரூ மாப் என்ற பெண் 'அவுட்டோர் ஆஃப்ரோ'வைத் தொடங்கினார். கறுப்பினக் குடும்பங்கள் சேர்ந்தே காட்டுக்குப் போவது, அவ்வளவுதான் யோசனை. 2022 மே 12இல் இன்னொரு கறுப்பினக் குழுவைச் சேர்ந்த 7 பேர் எவரெஸ்ட் ஏறினார்கள். தனியாகப் போகிறவன் ஒவ்வொரு தடவையும் தன்னை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. கூட்டமாகப் போனால் அந்த வேலை இல்லை. பூர்ணாவுக்குக் கூடவே ஒரு ஆனந்த் இருந்ததை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

இப்போ ஞாயிற்றுக்கிழமைகளில் எங்க காலனிப் பிள்ளைகள் ஏழெட்டு பேரோடு போகிறேன். ராகி அறுவடை சமயத்தில் தளி, ஜவளகிரி வழியாக யானைகள் சானமாவுக்கு வந்துவிடும். அப்போது அந்தப் பக்கமே தலை வைப்பதில்லை. மற்ற நாட்களிலும் காட்டுக்கு வெளியே இருக்கும் குன்றுகள்தான்.

போன மாதம் அப்பாவும் வந்தார். எந்தப் பாறை இடுக்கில் தண்ணி நிக்கும், பாட்டி விறகுக்கட்டை எங்கே இறக்கிவைத்து மூச்சு வாங்குவாங்க என்று காட்டிக்கொண்டே நடந்தார். அன்றைக்கு எங்களுக்கு வழிகாட்டி அவர்தான். பிள்ளைகள் அவரை விடாமல் கேட்டது ஒரே கேள்வி: "தாத்தா, யானை வந்தா எந்தப் பக்கம் நிக்கும்?"